பெர்தீஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் பிள்ளையை நடக்கப் பழக்கும் முறை

பெர்தீஸ் நோயில் தொடை எலும்பின் பந்துமுனைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்பு மென்மையாகி நசுங்கி, பின்னர் 2 முதல் 4 ஆண்டுகளில் உடலே அதை மீண்டும் கட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், ஆண்பிள்ளைகளுக்கே இது மிகுதியாக வருகிறது. பந்துமுனை இடுப்புக் கிண்ணத்துக்குள் பொருந்தியிருந்து உருண்டையாக வளர வேண்டும் என்பதற்காகத்தான் தொடை எலும்பை வெட்டிச் சாய்த்துத் தகடும் திருகாணியும் பொருத்துகிறார்கள். எனவே பையன் எப்போது நடப்பான் என்று கேட்பதற்கு முன், கால் பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்று கேட்பதே முறை.

வெட்டிய எலும்பு ஒன்றுசேரப் பொதுவாக 6 வாரங்களாவது ஆகும். சிலருக்கு இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டுப் போடுவார்கள். கட்டில்லாத பிள்ளைகள் அந்தக் காலை ஊன்றாமல் வாக்கர் பிடித்து நகர வேண்டும். வலி குறைந்ததும் பிள்ளை ஊன்றத்தான் பார்க்கும். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும்வரை விடக் கூடாது. கோபி, காங்கேயம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைப்படி உயரமாகவும் வாசல் தாழ்ந்தும் இருப்பதால், கட்டிலை ஆசாரத்திலேயே (வீட்டுக் கூடத்திலேயே) போட்டு, கழிப்பறையில் குந்தாமல் உட்காரும்படி நாற்காலி வைத்துவிடுவது நல்லது.

ஊன்றத் தொடங்கியதும் பிள்ளை ஒருபக்கம் சாய்ந்து விந்தி நடப்பான். "ஆபரேசன் பண்ணியும் நொண்டறானே சாமி" என்று அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) கண்கலங்குவதும் இப்போதுதான். சிகிச்சை தோற்றுவிட்டதென்று இதற்குப் பொருளல்ல. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவிழந்திருக்கிறது, அவ்வளவே. பின்னால் நின்று, நல்ல காலைத் தூக்கச் சொல்லி அரணாக்கயிற்றைக் கவனியுங்கள்: தூக்கிய பக்கம் கயிறு கீழே சாய்ந்தால் ஊன்றிய காலின் தசைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதற்கு, நல்ல பக்கம் கீழிருக்கும்படி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகும் குதிகாலும் சுவரில் பட, விரல்கள் முன்னோக்கியிருக்க, குதிகால் சுவரை உரசியபடியே மேலேறி, ஐந்து எண்ணும்வரை நின்று, மெல்ல இறங்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் பிள்ளை உடம்பைப் பின்னால் உருட்டி, முன்தொடையால் தூக்கி ஏமாற்றிவிடுவான். எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவரே முடிவு செய்யட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்களா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். விந்தல் தீரப் பல மாதங்கள் ஆகலாம். கால் சற்றுக் குட்டையாக இருந்தால், "நேரா நட" என்று அதட்டுவதைவிடச் செருப்பின் அடியை உயர்த்திக் கொடுப்பது பயன் தரும்.

படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மருத்துவர் சம்மதித்த பின் சைக்கிளும் நீச்சலும் மிக நல்லவை. ஆனால் தோட்டத்துக் கிணற்றில் நீந்தலாமே தவிர, மேட்டிலிருந்து குதிக்கக் கூடாது. எண்ணெய் போட்டு உருவிவிடுவதாகச் சொல்பவர்களிடம் அந்தக் காலைக் கொடுக்கவே கூடாது. காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, திடீரென ஊன்ற மறுப்பது ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலும் இடுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் இடுப்பு வலி முழங்காலில் தெரிவது வழக்கம். பின்னாளில் தகட்டை எடுத்தால், திருகாணி இருந்த துளைகள் மூடும்வரை சில வாரங்களுக்கு ஓட்டமும் குதிப்பும் மறுபடி நிறுத்தப்படும். பள்ளி ஆசிரியரிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.