மயோர்க்கா மலைகளில் மிதிவண்டிப் பயணம்

ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்காத் தீவின் வடமேற்குக் கரையோரம் நீளும் திராமுந்தானா மலைத்தொடரில் மிதிவண்டி ஓட்ட விரும்புவோர், வெயில் வாட்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்து, ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் செல்வது நல்லது. சொந்த வண்டியை விமானத்தில் ஏற்றி அல்லாடுவதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது. மலையேற்றத்துக்கேற்ற இலகுவான கியர் உள்ளதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்.

முதலில் கைமாரி கிராமத்திலிருந்து யுக் மடாலயத்தை நோக்கி ஏறும் சாலையில் கால்களைப் பழக்குங்கள். சரிவு சீரானது, மரநிழலும் உண்டு.

அதன்பின் சா கலோப்ரா. பொறியாளர் அந்தோனியோ பாரியெத்தி வடிவமைத்து 1932இல் அமைந்த இச்சாலை, 682 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து கடல்வரை வளைந்து வளைந்து இறங்குகிறது. ஓரிடத்தில் தன்னையே சுற்றித் தனக்கடியில் நுழைந்து செல்கிறது. கடலோரத்தோடு சாலை முடிந்துவிடுவதால், இறங்கிய ஏறத்தாழ 9.5 கிலோமீட்டரையும், சராசரி 7 விழுக்காட்டுச் சரிவில், மீண்டும் ஏறியே தீரவேண்டும். ஆகவே இறங்கும்போதே வேக மயக்கத்தில் களைத்துவிடாமல், வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, கீழே தண்ணீரை நிரப்பிக்கொண்டு, வயிற்றுக்கும் ஏதாவது போட்டுக்கொண்டு திரும்புங்கள். சுற்றுலாப் பேருந்துகள் குறுகிய வளைவுகளை அடைத்துக்கொள்ளும் என்பதால், காலையிலேயே இதை முடித்துவிடுவது உத்தமம். வசந்தகாலத்திலும் கணவாய்க் காற்று குளிரும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.