கண்காணிப்பு, ஏஐ வெச்சு ஆக்‌ஷன் த்ரில்லர் எழுதப் போறீங்களா? டெக்னாலஜிய இப்படி கையாளுங்க

ஷார்ட் ஃபிலிமோ வெப் சீரிஸோ, கண்காணிப்பு சப்ஜெக்ட்ல த்ரில்லர் எழுத இப்ப நிறைய பேர் ஆசைப்படுறாங்க, ஆனா முதல் டிராஃப்ட்லயே ஒரு ஹேக்கர் வந்துடுறாரு, கீபோர்ட படபடன்னு தட்டுறாரு, பத்து செகண்டுல ஊர்ல இருக்கிற அத்தனை கேமராவும் அவர் ஸ்கிரீன்ல வந்து நிக்குது. அங்கயே கதை படுத்துடும். எல்லாம் தெரிஞ்ச மெஷின்கிட்ட ஹீரோ ஒளியவே முடியாது, ஒளிய முடியலன்னா துரத்தலுக்கும் வேலை இல்ல. அதனால யார் கேட்டாலும் இத மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, உங்க மெஷினுக்கு பாதிதான் தெரியணும், மீதிய அது ஊகிக்கணும், அந்த ஊகத்த நம்பி ஒருத்தன் துப்பாக்கிய தூக்கணும். நிஜ சிஸ்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடுது, அதான் பயமே.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி 2010-ல துபாய் ஹோட்டல்ல நடந்த கொலைக் கேஸ படிச்சிடுங்க. ஹமாஸ் அமைப்போட மஹ்மூத் அல்-மப்ஹூ ஜனவரி 19 அன்னைக்கு அல் புஸ்தான் ரொட்டானா ஹோட்டல்ல 230-ம் நம்பர் ரூமுக்கு வர்றாரு. கொல்ல வந்த டீம்ல, டென்னிஸ் டிரெஸ் போட்டு கையில டென்னிஸ் மட்டையோட ரெண்டு பேரு அவர் பின்னாடியே போயி எந்த ரூம்னு பாத்துக்கறாங்க, அந்த டீம் எதிர்ல இருக்கிற 237-ஐ புக் பண்ணுது. இன்னொரு பக்கம் ஒரு வழுக்கைத் தலை ஆளு ஹோட்டல் டாய்லெட்டுக்குள்ள போறாரு, வெளிய வரும்போது தலை நிறைய முடி, கண்ணாடி. எல்லாமே கேமராவுல இருக்கு! ஆனா அந்த நேரத்துல அத புரிஞ்சு பாத்தவங்க யாரும் இல்ல. மறுநாள் உடம்ப கண்டெடுத்தப்ப இயற்கையான சாவு மாதிரிதான் தெரிஞ்சுது. அப்புறம் துபாய் போலீஸ் ஏர்போர்ட், ஹோட்டல், மால்னு எல்லா ஃபுட்டேஜையும் கோத்து, போலி பாஸ்போர்ட்ல வந்தவங்க ஒவ்வொருத்தரோட முகத்தையும் பிப்ரவரியில உலகத்துக்கே போட்டுக் காட்டினாங்க.

திரைக்கதைக்கு இதுல எடுத்துக்க வேண்டியது என்னன்னா, சம்பவம் ஒரு கடிகாரத்துல ஓடுது, அதப் பாத்து புரிஞ்சுக்கறது வேற கடிகாரத்துல ஓடுது. உங்க கதையில இந்த ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. முதல் அரை மணி நேரத்துல வில்லன் டீம் ஹீரோவுக்கு ஆறு மணி நேரம் பின்னாடி இருக்கட்டும், அவன் காலையில டீ குடிச்ச கடைய சாயங்காலம் கண்டுபிடிக்கட்டும். இன்டர்வெல்ல அது ஒரு மணி நேரமா குறையட்டும், கிளைமாக்ஸ்ல ரெண்டே நிமிஷம். இந்த இடைவெளி சுருங்குறதுதான் டென்ஷன், பின்னணி இசைய நம்பி உக்காந்திருக்க வேண்டியதில்ல.

சிசிடிவி சீன் எழுதும்போது கேமராவோட குறைய எல்லாம் சரக்கா பயன்படுத்துங்க. கேமரா வீடியோவ சேத்து வெக்கிற டிவிஆர் பெட்டியோட கடிகாரம் பல கடையில தப்பாத்தான் ஓடும், பன்னெண்டு நிமிஷம் முன்னாடியோ பின்னாடியோ, அத திருத்தாம ரெண்டு கடை ஃபுட்டேஜ ஒண்ணா வெச்சா ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருப்பான். ராத்திரி இன்ஃப்ராரெட்ல சில கறுப்புச் சட்டை வெளுத்துப் போய் தெரியும், சாட்சி கறுப்புன்னு சொல்லுவாரு, வீடியோ வெள்ளைன்னு சொல்லும், ஒருத்தர் பொய் சொல்றாருன்னு போலீஸ் முடிவு பண்ணும். ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே புதுசு பதிவாகும், அதனால ஃபுட்டேஜ் அழியறதுக்குள்ள போய் எடுக்கணும்கறதே ஒரு ரேஸ். "ஜூம் பண்ணு, இன்னும் கிளியர் பண்ணு"ன்னு மட்டும் எழுதாதீங்க, பதிவாகாத பிக்சல எங்கிருந்தும் கொண்டு வர முடியாது. இப்ப ஏஐ வெச்சு படத்த கூர்மையாக்கலாமேன்னு கேப்பீங்க, ஆக்கலாம்தான், ஆனா இல்லாத விவரத்த அது தானா வரைஞ்சு வெக்கும். மங்கலான நம்பர் பிளேட்ல 3-ஐ 8-ஆ ஆக்கிக் குடுத்துடும், போலீஸ் போய் இறங்குற வீடு வேற யாரோடதோ. முழு எபிசோடே இதுல எழுதலாம்.

போன் விஷயத்துல எல்லாரும் சிம்ம உடைச்சுப் போடுற சீன் எழுதுறாங்க. சிம் மாத்தினாலும் போனோட 15 இலக்க அடையாள எண் ஐஎம்இஐ மாறாது, புது சிம் அதே போன்ல ஏறின உடனே கம்பெனி ரெக்கார்டுல ரெண்டும் சேந்து நிக்கும். சரி, போனையும் மாத்திட்டான்னு வைங்க, அவன் மனைவி போன் மாத்தலயே, ரெண்டு போனும் ஒரே நேரத்துல ஒவ்வொரு டவரா ஒண்ணா நகர்ந்தா போதும். அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏ இப்படி சேந்து நகர்ற போன்கள தேடுறதுக்கே ஒரு புரோகிராம் வெச்சிருந்தது 2013-ல, அங்க ஒப்பந்தத்துல வேலை பாத்த ஸ்னோடென் வெளியிட்ட ஆவணத்துல தெரிய வந்துச்சு. எப்பவும் ஆன்ல இருக்கிற போன் திடீர்னு ஆஃப் ஆனா அதுவும் ஒரு தடயம். அதே சமயம் டவர் லொகேஷன் சிட்டியில சில நூறு மீட்டர், கிராமத்துல சில கிலோமீட்டர் வரைக்கும்தான் சொல்லும், கதவு நம்பர் சொல்லாது. அங்க போலீஸ் வீடு வீடா தட்டணும், உங்க ஆக்‌ஷன் பிளாக் அங்கதான்.

இந்தியாவுல கதை நடக்குதுன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, இன்ஸ்பெக்டர் நினைச்ச உடனே யார் போனையும் ஒட்டுக் கேக்க முடியாது, மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் உத்தரவு வேணும், அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 60 நாள், நீட்டிச்சாலும் மொத்தம் 180 நாளத் தாண்டக் கூடாது. அவசரம்னா கொஞ்சம் கீழ இருக்கிற அதிகாரி உத்தரவு போட வழி இருக்கு. அந்தக் கையெழுத்த யார் போட்டாங்க, என்ன காரணம் எழுதினாங்க, அந்த ஃபைல்ல வேற யார் நம்பர சொருகினாங்கன்னு யோசிங்க, நல்ல வில்லன் அங்க கிடைப்பான். ரெண்டாவது, "இந்தக் கைரேகைய ஆதார்ல போட்டுப் பாரு"ங்கற வசனம் வேண்டவே வேண்டாம், ஆதார் சட்டப்படி கைரேகையையும் கருவிழியையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளிய பகிரக் கூடாது. மீறித்தான் கதை போகணும்னா, மீறுறவனுக்கு அது பெரிய ரிஸ்க்குன்னு காட்டுங்க.

முகம் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேருக்கு வருவோம், எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். அது "இவன்தான்"னு சொல்றதே இல்ல. முகத்த எண்களா மாத்தி, கையில இருக்கிற படங்களோட ஒப்பிட்டு, இவ்ளோ ஒத்துப்போகுதுன்னு ஒரு ஸ்கோர் குடுக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு 1 லட்சம் பேர் போறாங்க, ஆயிரத்துக்கு ஒரு தடவைதான் தப்பு வரும்னு வெச்சாக் கூட தினம் 100 அப்பாவி முகம் சிவப்புக் கட்டத்துக்குள்ள வரும், தேடுற ஆளு ஒருத்தன்தான். அமெரிக்காவுல டெட்ராய்ட்ல 2020 ஜனவரியில நிஜமாவே நடந்துச்சு, வாட்ச் திருட்டு கேஸ்ல சாஃப்ட்வேர் ஒரு பழைய லைசென்ஸ் போட்டோவ எடுத்துக் குடுக்க, மனைவியும் ரெண்டு சின்னப் பொண்ணுங்களும் பாக்க வீட்டு வாசல்ல வெச்சு ஒரு கறுப்பினத்தவர கைவிலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க, கிட்டத்தட்ட 30 மணி நேரம் அடைச்சு வெச்சாங்க. விசாரணையில அவர் திருடனோட படத்த எடுத்து தன் முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக் காட்டினாரு. அந்த ஒரு அசைவுல இருக்கிற கோபத்துக்கு ஈடா எந்த சண்டைக் காட்சியும் கிடையாது. உங்க ஹீரோ பெரிய ஏஜென்டா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஸ்கோர் தப்பா வந்த ஒரு சாதாரண ஆளா இருந்தாலே போதும்.

ஏஐ-யவே வில்லனா வெக்கணும்னா அதுக்கு மனுஷன் மேல வெறுப்பு, உலகத்த ஆளுற ஆசைன்னு எதுவும் குடுக்காதீங்க. குடுத்த டார்கெட்ட அது அப்படியே பிடிச்சுக்கும், அதான் ஆபத்து. 2016-ல ஓப்பன்ஏஐங்கற ஏஐ கம்பெனி ஒரு படகு ரேஸ் கேம்ல புரோகிராம விட்டாங்க, ஸ்கோர் கூட்டணும்ங்கறதுதான் இலக்கு. அது ரேஸையே முடிக்கல, ஒரு இடத்துல வட்டம் போட்டு, மத்த படகுல மோதி, தீப்பிடிச்சு எரிஞ்சுகிட்டே பாயின்ட் சேத்துது. "ஊர்ல புகார் எண்ணிக்கைய குறை"ன்னு ஒரு மந்திரி உங்க சிஸ்டத்துக்கு இலக்கு வெச்சா, அது குற்றத்த குறைக்குமா, புகார் குடுக்குறவங்கள குறைக்குமா? இப்படி ஒரு கேள்விய நடுவுல போட்டு கதைய நகத்துங்க. போலிக் குரல், போலி வீடியோவையும் விட்டுடாதீங்க, ஹாங்காங்ல ஒரு கம்பெனி ஊழியர் வீடியோ மீட்டிங்ல பேசினது தன் மேலதிகாரிங்கன்னு நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினாரு, அவரத் தவிர மீட்டிங்ல இருந்த முகம் எல்லாமே ஏஐ செஞ்சது, இந்த விஷயம் 2024-ல வெளிய வந்துச்சு.

டிராஃப்ட் முடிஞ்சதும் ஒரு நோட்டுல சீன் சீனா எழுதுங்க: துரத்துறவனுக்கு இப்ப என்ன தெரியும், அது எந்த மெஷின்லேர்ந்து வந்துச்சு, எவ்ளோ பழசு, அதுல எது ஊகம். நாலுக்கும் பதில் இல்லாத சீன வெட்டிடுங்க. அப்புறம் கேமரா மாட்டுற வேலை செய்யறவர் யாராவது ஒருத்தரப் பிடிச்சு டீ வாங்கிக் குடுத்து முழுக் கதையும் சொல்லுங்க, "அது நடக்காது சார், ஆனா இப்படி நடக்கும்"னு அவர் ஆரம்பிக்கிற இடத்துல நோட்ட எடுத்து எழுதிக்கோங்க.