மாட்டு உண்ணியில் நாம் செய்கிற தவறுகள்

போன கிழமை பக்கத்து லயத்தில் புதிதாக மாடு வாங்கிய தம்பி, பட்டியில் குந்தி உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கியதையெல்லாம் அப்படியே மூலையில் எறிந்தான். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். சாணி அள்ளு, பட்டியைக் கூட்டு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

பிடுங்கி எறிவது

ஆமணக்கு விதை அளவுக்கு ஊதித் தொங்குவது பெண் உண்ணி. அதற்கு இனி மாடு தேவையில்லை. சுவர் வெடிப்பிலோ புல்லடியிலோ 2,000, 3,000 முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பட்டிக்குள் எறிந்தால் அதற்கு இடம் தேடுகிற வேலையும் மிச்சம். அதன் உடம்பில் பபேசியா கிருமி (மாட்டுக்கு மூத்திரம் சிவக்கிற காய்ச்சலைக் கொடுப்பது) இருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் போய்விடும். அந்தக் குஞ்சுகள் திரும்ப ஏறுவது நம்முடைய மாட்டில்தான்.

பசறையில் எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசுவை அப்படித்தான் இழந்தேன். முதல் நாள் புல் எடுக்கவில்லை. குளிர் என்று நினைத்தேன். மறுநாள் மூத்திரம் கடும் தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் போனது. கண் இமையை விலக்கினால் உள்ளே வெளிறிக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார், ஆனால் பிந்திவிட்டது. சினைமாடு. அப்புறம் சுவர் வெடிப்பைச் சுரண்டினேன்: கபில நிற முட்டைகள், கசகசாவைக் குவித்தது போல. இன்றைக்கும் யாராவது உண்ணியை எறிவதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

ஒரு டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வைத்து, பிடுங்கியதை அதில் போடுங்கள். சுவர் வெடிப்பைச் சீமெந்து பூசி அடையுங்கள்.

ஒரு தடவை மருந்து அடித்து விடுவது

குஞ்சு ஏறி, வளர்ந்து, விழ ஏறக்குறைய 3 கிழமை. அடித்த மறுநாளும் புல்லிலிருந்து புதிது ஏறும். திரும்ப எப்போது அடிப்பது, எவ்வளவு கலப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். தண்ணீர் கூட்டினால் உண்ணி சாகாது, மருந்துக்குப் பழகும். காதுக்குள்ளும் வாலடியிலும் மடி மடிப்பிலும் படவேண்டும்.

குளிர் மேட்டு மாட்டை இறக்குவது

நுவரெலியாப் பக்கம் உண்ணி குறைவு. அங்கு வளர்ந்த பெரிய மாட்டுக்குப் பபேசியா நோய் பழக்கமில்லை. கீழே கொண்டுவந்தால் முதல் மாதங்களில் தினமும் மூத்திரத்தைப் பாருங்கள்.

நகத்தால் நசுக்குவது

வேண்டாம்.

நம் உடம்பில் கடித்ததைச் சொல்லாமல் விடுவது

மலைநாட்டில் மனிதருக்கும் உண்ணிக் காய்ச்சல் உண்டு. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், "மாடு வைத்திருக்கிறேன், உண்ணி கடித்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். டெங்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தால் சரியான மாத்திரை பிந்தும்.