வீராங்கனையின் முறைப்பாடு அலுவலகத்தில் தொலைந்துபோகாமல் இருக்க

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் ஓடிப் பழகிய பிள்ளைகள் ஏ.எல். முடித்துப் பேராதனை, பதுளைப் பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு அப்பாலும் போகிறார்கள். பயிற்றுநர் பாலியல் ரீதியாக அத்துமீறினால் பல்கலைக்கழகத்தில் முறைப்பாடு செய் என்று அவர்களுக்கு எல்லாரும் சொல்லி அனுப்புகிறோம். முறைப்பாடு உள்ளே போன பிறகு நிர்வாகம் அதை என்ன செய்கிறது என்று எப்படிக் கவனிப்பது? அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதல் வேலை, இரண்டு கோப்பு போடுவது. ஒன்றில் நடந்த சம்பவம், வாட்ஸ்அப் செய்திகள், கூட இருந்தவர்களின் பெயர்கள். மற்றதில் அலுவலகம் செய்தது மட்டும்: யாரைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன பதில் வந்தது. “போட்டி முடியட்டும் மகள், பிறகு பார்ப்போம்” என்று ஓர் அதிகாரி சொன்னால் அந்த வசனத்தை அப்படியே எழுதித் திகதி போடுங்கள். அன்றைக்கே அவருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்: “இன்று காலை உங்களைச் சந்தித்தேன். போட்டி முடியும்வரை பொறுக்கச் சொன்னீர்கள்.” மறுக்க வேண்டுமானால் அவர் எழுத்தில் மறுக்கட்டும்.

கடிதம் துணைவேந்தருக்கு. பிரதிகள் பதிவாளருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும். பிரதி யாருக்கெல்லாம் போகிறது என்று கடிதத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் கண்ணில் படட்டும். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்படியொரு கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர் மேசை லாச்சிக்குள் போட்டார். பிறகு கேட்டால் அப்படி எதுவும் வரவில்லையாம். அடுத்த முறை நானும் கூடப் போனேன். எங்கள் பிரதியில் சீல் கேட்டோம். “சீல் அடிக்கிற வழக்கமில்லை டீச்சர்” என்றார். சரி, கையெழுத்தும் திகதியும் நேரமும் போடுங்கள் என்று பேனையை நீட்டினேன். கொஞ்ச நேரம் பேனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீல மையில் ஓரமாக “மு.ப. 10.40” என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தின் கடைசியில் கேள்விகள் இருக்க வேண்டும். விசாரிப்பது யார்? அவர்களுக்கும் அந்தப் பயிற்றுநருக்கும் என்ன தொடர்பு? விசாரணை முடியும்வரை அவர் அணிக்குப் பக்கத்தில் வருவாரா? முழு அறிக்கை எனக்குக் கிடைக்குமா?

இந்தக் கேள்விகள் ஏன் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே மருத்துவர் லாரி நாசர் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று 2014இல் ஒரு பெண் முறையிட்டார். பல்கலைக்கழகம் கருத்துக் கேட்ட நிபுணர்கள் அதே நிறுவனத்தவர்கள், நாசருக்குப் பழக்கமானவர்கள். அவர் செய்தது சிகிச்சைதான் என்று முடிவானது. அறிக்கையும் இரண்டு வடிவத்தில் இருந்தது. முறையிட்டவர் கைக்கு வந்ததில் நிர்வாகத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இல்லை. 2016வரை நாசர் தொடர்ந்து வீராங்கனைகளுக்குச் சிகிச்சை அளித்தார். 2018 ஜனவரியில் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அன்றே பல்கலைக்கழகத் தலைவர் லூ ஆன்னா சைமன் பதவி விலகினார். அதே ஆண்டு 500 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்குப் பல்கலைக்கழகம் இணங்கியது. குற்றம் செய்தவர் ஒருவர். அவரை அங்கேயே இருக்கவிட்டது அலுவலகம்.

விளையாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. அணித்தெரிவு, கலர்ஸ் விருதுக்கான பரிந்துரை, முகாமுக்கு யார் போவது எல்லாமே அந்த “சேர்” கையில்தான். நுவரெலியாவில் பயிற்சி முகாம் என்றால், “உன் பாதுகாப்புக்குத்தான், நீ வராதே” என்பார்கள். பிள்ளையை வீட்டில் வைப்பது தண்டனை, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க விடாதீர்கள். ஒதுங்கி நிற்க வேண்டியவர் அவர். அதை எழுத்தில் கேளுங்கள். அணியில் இடத்துக்குப் பதிலாக உடலைக் கேட்டிருந்தால் விடயம் இன்னும் பெரியது: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி அது பாலியல் இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

துணைவேந்தரிடமிருந்து பதில் இல்லையா? அவருக்கு மேலே பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவை இருக்கிறது. பேரவைக்கும் அவர்தான் தலைவர், பதிவாளர்தான் செயலாளர், ஆகவே “பேரவைக்கு” என்று மட்டும் எழுதினால் கடிதம் அதே மேசையில் போய் நிற்கலாம். ஆனால் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி, பேரவையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும் உறுப்பினர்களே பெரும்பான்மை. அவர்களுக்குத் தனித்தனியாகப் பிரதி அனுப்புங்கள்.

பொலிஸுக்குப் போக பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு. பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு 109இலும் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியில் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை, அதற்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

கடைசியாக, மாணவியாக இல்லாதவர்களும் செய்யக்கூடியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தோட்டத்தில் பெரட்டுக்குப் போகிற அம்மாகூடப் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பெயர்களைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் விளையாட்டுப் பிரிவு தொடர்பாக எத்தனை பாலியல் முறைப்பாடு வந்தது, எத்தனைக்குக் குழு அமைத்தார்கள், ஒவ்வொன்றும் முடிய எத்தனை நாள் ஆனது, எத்தனை பேரவைக்குப் போனது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவரும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.