நூலகம் மக்களைத் தேடிப் போகும்போது செய்யக் கூடாதவை

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். உறுப்பினர் சேர்க்கை, புத்தகக் கண்காட்சி, பேச்சுப் போட்டி என்று எல்லா ஊர் நூலகங்களும் பரபரப்பாக இருக்கும். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற காலமும் அதுதான். சில வருடங்களுக்கு முன், எங்கள் வாசகர் வட்டம் அந்த வாரத்தில் ஒரு மலைக் கிராமத்தில் காலை 11 மணிக்கு உறுப்பினர் சேர்க்கை முகாம் போட்டது. சேலத்திலிருந்து நான்கு பெட்டிப் புத்தகங்களோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனோம். வந்தவர்கள் இரண்டு தாத்தாக்களும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும். மற்றவர்கள் எல்லாரும் எஸ்டேட்டில்.

திரும்பி இறங்கும்போது வண்டியில் ஒருவர், "இவங்களுக்குப் படிப்புல ஆர்வம் இல்லீங்க" என்றார். நானும் தலையாட்டினேன். நேரத்தைத் தப்பாக வைத்ததை விட அந்தத் தலையாட்டல் பெரிய தவறு என்று இன்றைக்கு நினைக்கிறேன். பறித்த பழத்தை எடைபோட்டுக் கூலி தரும் இடத்தில், ஒரு மணி நேரம் முகாமில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரக் கூலி போயிற்று. வராதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதிவைப்பது நமக்குச் சுலபம். எந்த நாள், எந்தப் பொழுது வேண்டும் என்று முன்கூட்டியே போய்க் கேட்பதற்கு மெனக்கெட வேண்டும்.

அடுத்தது இடம். இதைத்தான் அதிகம் பேச வேண்டும், இதைத்தான் யாரும் பேசுவதில்லை. 'எல்லாருக்கும் பொதுவான இடம்' என்று நாம் தேர்ந்தெடுப்பது கோயில் மண்டபமாகவோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையாகவோ இருக்கும். நிழல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. சேலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு மண்டபத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தோம். பத்து வயது இருக்கும் ஒரு பெண், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள வா கண்ணு" என்றேன். மண்டபத்துப் படியை ஒரு தடவை பார்த்தாள். "நாங்க அங்க ஏற மாட்டோங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபமில்லை, அழுகையில்லை. மழை பெய்யுது என்று சொல்வது போலச் சொன்னாள். நாங்கள் கதையை முடித்துவிட்டு, பரிசுகளையும் மண்டபத்திலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்றைக்கு அந்தப் பெண்ணை வெளியே நிறுத்தியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. சாதி நாங்கள் உண்டாக்கியது இல்லை என்று சொல்லலாம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தானே. சரி, அவர்கள் தெருவுக்குத் தனியாக ஒரு நாள் போய்க் கொடுத்துவிடலாம் என்பார்கள். அதுவும் தவறுதான், இரண்டு குவளை வைப்பதற்கும் இரண்டு முகாம் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊருக்கான ஒரே முகாமை அந்தத் தெருவில் வையுங்கள், வேண்டியவர்கள் அங்கே வரட்டும். முதல் தடவை ஊர்ப்பக்கத்துக் கூட்டம் குறையும், முணுமுணுப்பு வரும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நோட்டீஸில் 'காலனி மக்களுக்கு' என்று போடுவதையும் விட்டுவிடலாம். அரசு ஆவணங்களிலிருந்தே அந்தச் சொல்லை எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும், கேட்டு எழுதுங்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு, கேரளத்திலிருந்து வந்தவர்கள், மலையாளம் பேசுவார்கள் என்று நினைக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுக்கே ஒரு வழிவழிக் கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லக்கூடிய பெரியவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைக் கொடுத்து, வெளியூர்ப் பேச்சாளருக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள். விழாத் தொடக்கத்தில் ஆடவைத்துவிட்டு, பிறகு ஓரமாக நிற்கவைக்கிற வழக்கம் போதும்.

படிவம் ஒரு பெரிய தடை. உறுப்பினராக முகவரிச் சான்று, காப்புத்தொகை எல்லாம் கேட்போம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் இருப்பவர் பெயரில் வீட்டு வரி ரசீது எங்கிருந்து வரும்? நம் நூலகச் சட்டம் 1948-லேயே வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வாடகைக்கு இருப்பவர்களும் அந்த வாடகைக்குள் இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே இலவசமாக ஏதோ கொடுக்கிற தோரணை நமக்கு வேண்டாம். காப்புத்தொகையைப் புரவலர்களிடம் கேட்டு வாங்கிக் கட்டிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் புத்தகம் கொடுத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனால், குழித்தறிக்கு மேலே ஆணியில் மஞ்சப்பை தொங்குகிறது. அதற்குள் பாலித்தீன் தாள் சுற்றி, நூல் போட்டுக் கட்டிய புத்தகம். கட்டு அவிழவே இல்லை. "கஞ்சிக் கை பட்டா கறையாயிடுமேன்னு வெச்சிட்டோங்க. கிழிஞ்சா காசு கட்டணும்ல" என்றார் அந்த அக்கா. புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது தேதியையும் அபராதத்தையும் விளக்கமாகச் சொன்ன நாங்கள், அழுக்கானால் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறோம். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931-லேயே சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் முதல் விதியாக எழுதிவைத்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குப் போனார்கள். வண்டியில் ஆடி அசைந்து போகும் புத்தகம் கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும்.

இன்னும் சில, சுருக்கமாக. வீட்டைக் காலி செய்யும்போது வரும் பழைய கைடுகளை மலைக்கு அனுப்பாதீர்கள். நம் பிள்ளைக்கு வாங்கித் தராததை அந்தப் பிள்ளைக்கும் தர வேண்டாம். படி ஏற முடியாதவர்களும் வர வேண்டும், மாடியில் முகாம் போடாதீர்கள். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகத்தை ஒலிவடிவில் மாற்றிக்கொள்ள, 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாசிக்க நல்ல குரல் உள்ளவர்களைத் தேடுங்கள். புத்தகம் கொடுக்கும்போது குழந்தையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள்.

பறிப்புக் காலத்தில் நாங்கள் இப்போது முகாம் போடுவதில்லை. பறிப்பு முடிந்த பிறகு, சாயங்காலம், லைன் வீடுகளுக்கு முன்னால் பாய் விரித்து உட்காருகிறோம். போன முறை, பேத்தியோடு வந்த ஒரு அம்மா எல்லாப் புத்தகத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "பெரிய எழுத்துல ஒண்ணும் இல்லியா சார்?" என்று கேட்டார். பேத்திக்கா என்றேன். "அது படிச்சுக்கும். எனக்குத்தான். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்." நான்கு பெட்டியில் அப்படி ஒன்றுகூட இல்லை. இந்த முறை வாங்க வேண்டிய பட்டியலில் முதலில் அதை எழுதியிருக்கிறேன்.