எஸ்டிமேட் சொல்ல டீமைப் பழக்குறது எப்படி?

"எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டா யோசிக்காம "மூணு நாள் சார்"னு ஒரே நம்பரைச் சொல்லிடுறோம்ல, அந்தப் பழக்கத்தை மாத்தத்தான் இந்த ப்ராக்டிஸ். பேப்பர், பேனா, போன்ல டைமர் போதும்.

முதல்ல 10 கேள்வி ரெடி பண்ணுங்க. கரெக்டான விடை யாருக்கும் தெரியக்கூடாது, ஆனா ஓரளவு ஐடியா இருக்கணும். மேட்டூர் அணை கட்டி முடிச்ச வருஷம், எவரெஸ்ட் எத்தனை மீட்டர், நிலா எவ்வளவு தூரம், இந்த மாதிரி. ஒரே நம்பர் எழுத விடாதீங்க. "இதுக்குக் குறையாது, இதைத் தாண்டாது"னு ரெண்டு நம்பர், விடை அதுக்குள்ள இருக்கும்னு 90% நம்பிக்கை வரணும்.

அடுத்து திருத்துங்க (1934, 8,849, சராசரியா 3,84,400 கிமீ). 10க்கு 9 உள்ள விழணும், ஆனா புதுசா உக்கார்றவங்களுக்குப் பெரும்பாலும் பாதிதான் உள்ள விழும். ஜிகே கம்மினு இல்லங்க, ரேஞ்ச் ரொம்ப ஒடுக்கம், அவ்ளோதான்.

இதைச் சரிபண்ண ஒரு பெட் இருக்கு, இதுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. பையில 9 சிவப்பு பந்து, 1 கறுப்பு. சிவப்பு எடுத்தா ஆயிரம் ரூபா. பை வேணாம்னா, உங்க ரேஞ்சுக்குள்ள விடை இருந்தா அதே ஆயிரம். எது வேணும்? "பையே போதும்பா"னு மனசு சொன்னா நீங்க எழுதினது 90% இல்ல, விரிங்க. ரேஞ்ச்தான் வேணும்னா சுருக்குங்க. எதை எடுத்தாலும் ஒண்ணுதான்னு தோணுற இடத்துல நிறுத்துங்க.

இப்போ பிரஷர். புது 10 கேள்வி, ஒண்ணுக்கு 20 செகண்ட், பக்கத்துல ஒருத்தர் "சீக்கிரம், கிளையன்ட் லைன்ல இருக்கார்"னு நச்சரிச்சுட்டே இருக்கணும். அவசரத்துல மனசுல முதல்ல வந்த நம்பரைச் சுத்தியே சின்ன ரேஞ்சா போட்டுடுவோம், அதனால நடு நம்பரை யோசிக்காம ரெண்டு ஓரத்துலேர்ந்தும் உள்ள வரச் சொல்லுங்க. எவரெஸ்ட் 3,000 மீட்டரா? சான்ஸே இல்ல. 6,000? ம்ஹூம். 7,500? இங்க லேசா சந்தேகம் வருதுல்ல, கீழ் நம்பர் அதுதான்.

பழகினதும் ஆபீஸ் வேலைக்கு வாங்க. எல்லாரும் தனித்தனியா எழுதின பிறகுதான் பேசணும், சீனியர் கடைசியா. அவர் முதல்ல வாயைத் திறந்தா எல்லாரும் அந்த நம்பர் பக்கமே சாஞ்சுடுவாங்க. சொன்ன ரேஞ்ச், கடைசியில ஆனது, ரெண்டையும் நோட்ல போடுங்க. அமெரிக்காவுல மழை வாய்ப்பை சதவீதத்துல சொல்ற வானிலைக்காரங்க கணிப்பு நல்லா ஒத்துப்போகுதுன்னா, சொன்னது பலிச்சுதா இல்லையான்னு மறுநாளே தெரிஞ்சுடுறதும் அதுக்கு ஒரு பெரிய காரணம்.

அந்த நோட்டை மட்டும் அப்ரைசலுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, அப்புறம் வர்ற ரேஞ்ச் எல்லாம் யானை நுழையுற சைஸ்ல இருக்கும்.