கௌதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டும்

யார்க்‌ஷயரின் வார்ஃப் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க நான் முதலில் எடுப்பது ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்ற ஃப்ளையைத்தான், அதாவது பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையை. ஒரு தூண்டில் முள், கொஞ்சம் பட்டு நூல், ஒரே ஓர் இறகு போதும்.

14ஆம் எண் முள்ளை வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில்) இறுக்குங்கள். ஆரஞ்சுப் பட்டு நூலில் தேன்மெழுகு தடவி, முள்ளின் கண்ணுக்கு (நூல் கோக்கும் துளைக்கு) சற்றுப் பின்னாலிருந்து முள்முனைக்கு நேர்மேல் வரை நெருக்கமாகச் சுற்றிப் போய் அப்படியே திரும்புங்கள். உடல் அவ்வளவுதான். தடிமனாக்கிவிடாதீர்கள். நனைந்தால் நூல் பழுப்பாகும், அதுதான் வேண்டும்.

அப்புறம் இறகு. கௌதாரியின் முதுகுப் பக்கத்துப் பழுப்புப் புள்ளி இறகு நல்லது. அடியிலுள்ள பஞ்சைப் பிய்த்துவிட்டு, நுனியைக் கண்ணருகே கட்டுங்கள். இழைகள் முள்ளின் வளைவை லேசாகத் தாண்டினால் சரி. இறகை இரண்டே சுற்று சுற்றுங்கள். கடையில் விற்பவை பலவும் புதர் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. இழைகள் குறைவாக இருந்தால்தான் நீரோட்டத்தில் பூச்சியின் கால்களாக அசையும். தண்டை வெட்டி, நூலை அதன் மேலேயே சுற்றி இறுக்கும் ‘விப் ஃபினிஷ்’ முடிச்சுப் போடுங்கள்.

ஆற்றின் குறுக்கே, கொஞ்சம் கீழ்நோக்கி வீசி, நீரோடு வளைந்து வர விடுங்கள். தூண்டில் நூல் நேராகி ஃப்ளை மேலெழும் நேரத்தில் கவனமாக இருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் மீன் கடிக்கும்.